ஊரில் நிலம், சாங்கியில் விமானம்: ஆக்கிரமிப்பு வழக்கை எங்கே தொடுப்பது?

சாங்கி விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையில், கோடாலித் தைலமும் சாக்லேட்டும் திணித்த பைகளுக்கு நடுவே சிலர் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் கையோடு வைத்திருப்பார்கள். உள்ளே கிரயப் பத்திரத்தின் நகல், பழைய பட்டா, தாத்தா காலத்துத் தீர்வை ரசீது. இரண்டு வார விடுப்பில் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில் எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் இரண்டு நாளில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். ஊரில் உள்ள நிலத்தில் வேறொருவர் வேலி போட்டுவிட்டார்.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அப்பா தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் ஒரு வீடும் விட்டுச் சென்றிருக்கிறார். அண்ணன் பாசிர் ரிசில் இருக்கிறார், தம்பி தெம்பனிசில். தங்கைக்குக் கல்யாணமாகி உட்லண்ட்சில் குடித்தனம். நிலம் பெரியப்பா மகனின் பொறுப்பில் இருந்தது. இப்போது அவர், “இத்தனை வருசமா நான்தானே பாத்துக்கிட்டேன், இது எனக்குத்தான்” என்கிறார். அண்ணனுக்கு வரும் முதல் கேள்வி இது: “நாங்க மூணு பேரும் இங்கே இருக்கோம், ரெண்டு பேர் சிங்கப்பூர்க் குடிமக்கள். வழக்கை இங்கேயே போட முடியாதா?”

முடியாது. நிலம் எங்கே கிடக்கிறதோ, அதன் உரிமையையும் சுவாதீனத்தையும் அந்த ஊர் நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். வாதி எந்த நாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கிறார் என்பது இதை மாற்றாது.

1893 முதல் வரும் விதி

இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் வழக்கே ஓர் ஆக்கிரமிப்பு வழக்குத்தான். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் தன் வசம் இருந்த நிலங்களுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் பிரிட்டிஷ் சவுத் ஆப்பிரிக்கா கம்பெனியின் ஆட்கள் புகுந்து, தன் ஆட்களைத் துரத்திவிட்டதாக மொசாம்பிக் கம்பெனி என்ற போர்த்துகீசிய நிறுவனம் லண்டனில் வழக்குத் தொடுத்தது. பிரதிவாதி லண்டனில் பதிவான நிறுவனம், ஆகவே லண்டனில் கேட்கலாம் என்பது அதன் எண்ணம். 1893இல் பிரபுக்கள் சபை மறுத்தது. வெளிநாட்டில் உள்ள நிலம் யாருடையது, அதில் அத்துமீறி நுழைந்தது யார் என்று ஆங்கிலேய நீதிமன்றம் விசாரிக்காது என்றது.

ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்த சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இந்த மொசாம்பிக் விதியை ஏற்றுக்கொண்டவை. காரணம் எளிது. சிங்கப்பூர் நீதிபதி ஒருவர் ‘நிலம் அண்ணனுக்கே’ என்று எழுதிக் கொடுத்தாலும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரத்தநாட்டில் வேலியைப் பிடுங்க அமீனா வரமாட்டார்.

இந்தியப் பக்கம் இது இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 16: அசையாச் சொத்தை மீட்பது, பங்கு பிரிப்பது, அதன்மீதான உரிமையைத் தீர்மானிப்பது ஆகிய வழக்குகளை அந்தச் சொத்து அமைந்திருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். சொத்து இரண்டு நீதிமன்ற எல்லைகளில் பரவிக் கிடந்தால் ஏதாவது ஒன்றில் தொடுக்கலாம் என்கிறது பிரிவு 17.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சண்டை நிலத்தைப் பற்றியதாக இல்லாமல், இங்கே இருக்கும் ஒருவர் கொடுத்த வாக்கைப் பற்றியதாக இருந்தால் கதை மாறும். ‘நிலத்தை விற்றுத் தருகிறேன், பணத்தில் பாதி உனக்கு’ என்று தெம்பனிசில் இருக்கும் தம்பி எழுதிக் கொடுத்துவிட்டு, விற்ற பணம் முழுவதையும் தானே வைத்துக்கொண்டார் என்று வையுங்கள். அது ஒப்பந்த மீறல். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார், அவருக்கு இங்குள்ள நீதிமன்றம் கட்டளையிட முடியும். இந்தியச் சட்டத்தின் 44அ பிரிவின்கீழ் சிங்கப்பூர் ஒரு பரஸ்பர நாடு என்பதால், இங்குள்ள உயர் நீதிமன்றம் பணம் செலுத்தச் சொல்லி வழங்கும் தீர்ப்பை இந்தியாவின் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றவும் வழி இருக்கிறது. அந்த வழி பணத் தீர்ப்புக்கு மட்டுமே. நிலத்தைத் திருப்பிக் கொடு என்ற தீர்ப்புக்கு அது உதவாது.

கடலில் கிடக்கும் பாறைக்கும் இதே கேள்வி

சாங்கிக்குக் கிழக்கே, சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 24 கடல் மைல் தொலைவில் பெட்ரா பிராங்கா இருக்கிறது. 137 மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைத் தீவு. 1851 முதல் அதில் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எரிகிறது. அது யாருடையது என்று சிங்கப்பூரும் மலேசியாவும் சண்டையிட்டபோதும் முதலில் எழுந்தது, இதை யார் விசாரிப்பது என்ற கேள்விதான். ஒரு நாட்டின் நீதிமன்றம் இன்னொரு நாட்டைக் கட்டுப்படுத்தாது. தி ஹேக்கில் உள்ள அனைத்துலக நீதிமன்றமும் இரு தரப்பும் சம்மதித்தால்தான் கேட்கும். 2003 பிப்ரவரி 6ஆம் தேதி இரு நாடுகளும் தனி உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்ட பிறகே அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் பிறந்தது. 2007 நவம்பரில் நடந்த வாதங்களில் சிங்கப்பூர்த் தரப்பில் பேசியவர்களில் அப்போதைய துணைப் பிரதமர் பேராசிரியர் எஸ். ஜெயகுமாரும் ஒருவர்.

2008 மே 23ஆம் தேதி வந்த தீர்ப்பை, ஊரில் நிலம் வைத்திருக்கும் எவரும் ஒருமுறை படிப்பது நல்லது. தீவு முதலில் ஜொகூர் சுல்தானகத்துக்கு உரியதாகவே இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 1980க்குள் அந்த உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற கணக்கில் முடிவு செய்தது. தீவைச் சிங்கப்பூர் சொந்தக்காரரைப் போல நடத்தியது. மறுபக்கம் மறுப்பே சொல்லவில்லை. 1953இல் ஜொகூரின் தற்காலிகச் செயலாளர், தீவுக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று கடிதமே எழுதியிருந்தார். சிங்கப்பூர் பராமரித்த இன்னொரு கலங்கரை விளக்கம் பூலாவ் பீசாங்கில் இருந்தது. அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொல்லி 1968இல் மலேசியா கேட்டது. பெட்ரா பிராங்காவில் பறந்த கொடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாடுகளுக்கு இடையிலான சட்டமும் குடும்பச் சொத்துச் சட்டமும் வேறு வேறு. ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் இருந்தவர் இரண்டிலும் தோற்கிறார்.

இங்குள்ள பழக்கம் அங்கே உதவாது

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பதிவேட்டில் பெயர் இருந்தால் சொத்து நம்முடையது, வேறு யார் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் என்ன? இங்கே அது சரி. 1994 மார்ச் 1ஆம் தேதியோடு, நெடுநாள் அனுபவத்தைக் காட்டி நிலத்துக்கு உரிமை கோருவதைச் சிங்கப்பூர் ஒழித்துவிட்டது.

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே ஒருவரைச் சொந்தக்காரர் ஆக்காது, இல்லாதது மட்டுமே சொந்தத்தைப் பறிக்காது. ‘பட்டா என் பெயரில் இருக்கு, அப்புறம் என்ன’ என்று பதினைந்து ஆண்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு.

ஏனென்றால் இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சொந்தக்காரருக்கு எதிராக, ஒளிவுமறைவின்றி, தொடர்ச்சியாக, ‘இது என்னுடையது’ என்ற நிலையில் ஒருவர் 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், நிலத்தை மீட்க வழக்குப் போடும் உரிமை சொந்தக்காரரிடமிருந்து போய்விடுகிறது. நிலம் அரசாங்கத்துடையது என்றால் அந்தக் காலம் 30 ஆண்டு. எதிரிடை அனுபவம் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். இப்படி உரிமை பெற்றவர் தாமே வாதியாக வழக்குத் தொடுக்கவும் முடியும் என்று 2019 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்கலாம் என்கிறது அது. வாதி வெளியே இருந்த காலத்தைக் கழிக்கச் சொல்லவில்லை. ‘நான் பதினாலு வருசம் சிங்கப்பூர்ல வேலை பார்த்தேன், எனக்கு எப்படித் தெரியும்’ என்பது மனிதருக்குப் புரியும் நியாயம். கடிகாரத்தை அது நிறுத்தாது.

ஆறுதலும் உண்டு. சொந்தக்காரரின் அனுமதியோடு உள்ளே வந்தவரின் அனுபவம் எதிரிடை ஆகாது. கோவாவில் சகோதரியின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து அங்கேயே இருந்துவிட்ட சகோதரர் தொடுத்த வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: பராமரிப்பாளராகவோ வேலையாளாகவோ இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் சொத்தில் உரிமை பெறமாட்டார். ஆகவே பெரியப்பா மகனிடம் நிலத்தை ஒப்படைத்தபோது ஒரு சிறு கடிதமாவது எழுதப்பட்டதா என்பது இப்போது பெரிய விஷயம். குத்தகைப் பணம் அனுப்பிய வங்கி ரசீது, ‘நெல் மூட்டை போட்டாச்சு’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, ‘உங்க நிலத்துல வாய்க்கால் வெட்டணும்’ என்று கேட்ட குரல்பதிவு எல்லாம் அனுமதிக்குச் சாட்சி. கைத்தொலைபேசி மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

உள்ளே இருப்பவர் யார்?

வழக்கு தமிழ்நாட்டில்தான் என்று முடிவாகிவிட்டது. அங்கே எந்தக் கதவு என்பது அடுத்த கேள்வி. பல குடும்பங்கள் ஐந்தாறு ஆண்டைத் தொலைப்பது இங்கேதான். நிலத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கதவு மாறும்.

பெரியப்பா மகனுக்கும் அந்த நிலத்தில் பங்கு இருந்தால் அவர் ஆக்கிரமிப்பாளர் அல்ல, கூட்டு உரிமையாளர். அவரை வெளியேற்று என்று கேட்க முடியாது. பாகப்பிரிவினை கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் எல்லாருக்குமாக அனுபவிப்பதாகவே சட்டம் பார்க்கிறது, மற்றவர்களின் பங்கை அவர் வெளிப்படையாக மறுக்கும்வரை. உட்லண்ட்சில் இருக்கும் தங்கையையும் இந்த வழக்கில் சேர்க்க வேண்டும். இந்துக் குடும்பங்களில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. 2005இல் திருத்தப்பட்ட சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் குழப்பத்தைத் தீர்த்தது. ‘கட்டிக்கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு’ என்பது சட்டத்தின் மொழி அல்ல. அவரை விட்டுவிட்டுத் தொடுத்த வழக்கு பாதியில் நிற்கும்.

உள்ளே இருப்பவர் குத்தகைக்கு எடுத்து, தன் உடலுழைப்பால் பயிரிடுபவர் என்றால் கதவு முற்றிலும் வேறு. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி அவரை வெளியேற்றக் கேட்கும் இடம் வருவாய் நீதிமன்றம். வக்கீல்கள் பேச்சில் ‘ரெவின்யூ கோர்ட்’. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, அவர் தன்னைச் சாகுபடிக் குத்தகைதாரர் என்று நிரூபித்துவிட்டால், வழக்கு வருவாய்த்துறைப் பக்கம் மாற்றப்படும். காவிரிப் பாசனப் பகுதியில் நிலம் உள்ளவர்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குத்தகைப் பதிவேட்டில் யாருடைய பெயராவது ஏறியிருக்கிறதா என்பது.

நகரத்தில் உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவர் போக மறுத்தால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் பொருந்தும். அதற்கென்று வாடகை நீதிமன்றங்கள் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது அந்தச் சட்டம். மாமா மகனுக்கு வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டவர்கள் அதிகம் சிரமப்படுவது இதில்தான். சிங்கப்பூரில் ஈராண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் எழும் பணத் தகராற்றை 20,000 வெள்ளி வரை (இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை) சிறுகோரிக்கை நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே முடித்துக்கொள்ளலாம். அந்தச் சுலபத்தை ஊரில் எதிர்பார்க்க வேண்டாம்.

‘நம் நிலம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தது கோயில் நிலமாக இருந்துவிட்டால், ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் இந்து சமய அறநிலையத் துறையின் இணை ஆணையரிடம் இருக்கிறது. வக்ஃபு சொத்து என்றால் வக்ஃபு தீர்ப்பாயம். அரசுப் புறம்போக்கு என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் நோட்டீஸ் கொடுப்பார். வீட்டுக்கு முன்னால் உள்ள புறம்போக்கைப் பக்கத்து வீட்டுக்காரர் வளைத்துக்கொண்டார் என்பவர்கள் மனு கொடுக்க வேண்டியதும் வட்டாட்சியரிடம்தான்.

இவை எதுவும் இல்லாமல் சம்பந்தமே இல்லாத ஒருவர் வேலி போட்டிருந்தால், உரிமையியல் நீதிமன்றம். இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை, தெரியும்போது காலம் கடந்திருக்கும். குறித்த நிவாரணச் சட்டம், பிரிவு 6: சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், யார் சொந்தக்காரர் என்ற நீண்ட விசாரணைக்குள் போகாமலே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அந்தத் தீர்ப்பின்மீது மேல்முறையீடும் கிடையாது. அரசாங்கத்துக்கு எதிராக மட்டும் இதைப் பயன்படுத்த முடியாது. ஆறு மாதம் கழிந்தால் உரிமையை நிரூபித்து மீட்கும் வழக்கமான பாதைதான்.

‘அடுத்த தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கிறேன்’ என்று சொல்பவர், அந்த ஒரு வாக்கியத்தில் பிரிவு 6ஐக் கைவிட்டுவிடுகிறார்.

காவல் நிலையமும் தாசில்தாரும்

ஊரில் முதலில் நடப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல, காவல் நிலையத்தில். ‘ஸ்டேஷன்ல வச்சுப் பேசி முடிச்சிடலாம்’ என்று யாராவது முன்வருவார்கள். நிலம் யாருடையது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஆய்வாளருக்கு இல்லை. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், மிரட்டல் இருந்தால் குற்ற வழக்குப் பதியலாம். அதற்காகவே 2011இல் தமிழ்நாட்டுக் காவல்துறையில் நில அபகரிப்புக்கான சிறப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. குற்ற வழக்கில் எதிரி சிறைக்கே போனாலும் நிலம் தானாகத் திரும்பாது. அதற்கு உரிமையியல் வழக்கு தனியாக வேண்டும்.

சண்டை அடிதடியாகும் நிலையில் இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் நிர்வாக நடுவராகத் தலையிட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 145ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 164ஆம் பிரிவு. அவர் பார்ப்பது இப்போது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே; அமைதி கெடாமல் இருக்க ஒரு தற்காலிக ஏற்பாடு. அந்த உத்தரவைச் சட்டகம் போட்டு மாட்டி, ‘கோர்ட் ஆர்டர் இருக்கு’ என்று பத்தாண்டு காட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

போலிப் பத்திரத்தைப் பதிவுத்துறையிலேயே ரத்து செய்துகொள்ளலாம் என்று இன்னும் சில இடைத்தரகர்கள் சொல்கிறார்கள். 2022இல் அப்படி ஓர் அதிகாரம் மாவட்டப் பதிவாளருக்குக் கொடுக்கப்பட்டது உண்மை. பதிவுச் சட்டத்தின் அந்த 77அ பிரிவு செல்லாது என்று 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கேட்டு வருபவரிடம் எந்தப் பிரிவின்கீழ் மனு என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டா மாற்றத்தைப் பொறுத்தவரை வட்டாட்சியரிடம் மனு, பிறகு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். ஆனால் இருவர் உரிமை கோரும் நிலத்தில் சொந்தக்காரர் யார் என்பதை இவர்கள் தீர்மானிக்க முடியாது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றே எழுதுவார்கள். நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பட்டா அதன்படி மாறும்.

ஒரத்தநாடும் மன்னார்குடியும்

எந்தப் படிநிலை நீதிமன்றம் என்பது சொத்தின் மதிப்பைப் பொறுத்தது. மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் (பழைய பெயரில் முன்சீப் கோர்ட்), சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று மேலே போகும். தகுதியுள்ள நீதிமன்றங்களில் கீழ்ப்படியில் உள்ளதிலேயே தொடங்க வேண்டும். பண வரம்புகள் திருத்தப்பட்டுக்கொண்டே வருவதால் ஐந்தாண்டுக்கு முன் வழக்குப் போட்ட உறவினரின் கணக்கு இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

மேல்முறையீடு உயர் நீதிமன்றம் போகும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரத்தநாடும் மன்னார்குடியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரத்தநாடு தஞ்சாவூர் மாவட்டம். 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைக்கு உட்பட்டது. மன்னார்குடி திருவாரூர் மாவட்டம். அது சென்னைக்குப் போகும். திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம்காரர்களுக்கு மதுரை. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை. தேக்காவில் ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் இருவரின் வக்கீல்கள் முந்நூறு மைல் இடைவெளியில் வாதாடிக்கொண்டிருக்கலாம்.

இங்கிருந்து வழக்கு நடத்துவது

எல்லா வாய்தாவுக்கும் விமானம் ஏற முடியாது. அதற்குத்தான் ‘பவர்’ எனப்படும் அதிகார ஆவணம். அதைக் கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். இன்னொரு வழி, சிங்கப்பூரில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா வழங்கும் அப்போஸ்டில் சான்று பெறுவது. 2021 செப்டம்பர் 16 முதல் இந்த முறை இங்கே நடப்பில் இருக்கிறது, இந்தியாவும் அந்த உடன்பாட்டில் உள்ள நாடு. ஆவணம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அலமாரியில் வைத்து மறந்துவிட்டுப் பிறகு தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

‘வழக்கு நடத்த மட்டும்’ என்று எழுதுவதா, ‘விற்கவும்’ என்று சேர்ப்பதா என்பதில் வெட்கம் பார்க்கக் கூடாது. தம்பி என்ன நினைப்பாரோ என்று பொது அதிகாரம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நிலம் விற்கப்பட்ட செய்தியை மூன்றாம் மனிதரிடம் கேட்டவர்களும் உண்டு. பவர் வாங்கியவர் எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லவும் முடியாது. உரிமையாளருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்ததை அவருக்குப் பதிலாக முகவர் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது என்று 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘நான்தான் அவரிடம் நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்’ என்பதை அண்ணன்தான் சொல்ல வேண்டும். அதற்காக விடுப்பில் இரண்டு நாள் ஒதுக்க வேண்டும், அல்லது காணொளி வழியாகச் சாட்சியம் சொல்ல நீதிமன்றத்தின் அனுமதியை வக்கீல் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் முந்திக்கொள்வதும் உண்டு. பெரியப்பா மகனே, ‘என்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது’ என்று தடையாணை கேட்டு வழக்குப் போட்டு, உங்கள் முகவரியாக ஊர் வீட்டையே கொடுத்திருப்பார். சம்மன் பூட்டிய கதவில் ஒட்டப்படும். யாரும் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்கும் மனுவுக்குக் காலம் 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து கணக்கு. இதைத் தவிர்க்க, வழக்கு வரலாம் என்ற சந்தேகம் எழும்போதே ‘கேவியட்’ மனு தாக்கல் செய்துவைக்கலாம். அது 90 நாள் செல்லும். அதற்குள் உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வழங்கப்படாது. 90 நாள் முடிந்தால் மறுபடியும் போட வேண்டும்.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டதால் பூர்வீக நிலம் போய்விடும் என்று ஊரில் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறத் தடை இல்லை.

விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. தமிழ்நாடு பதிவுத்துறை இணையத்தளத்தில் புல எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தெரியாத பெயரில் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் அங்கேயே தென்படும். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு கிடைக்கும். இந்திய நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் தட்டிப் பாருங்கள். பிரதிவாதியாக உங்கள் பெயர் இருந்தால், வழக்கு எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் திரையிலேயே வந்துவிடும். விமானச்சீட்டை அந்தத் தேதியை ஒட்டிப் பதிவு செய்துகொள்ளலாம்.